பன்னிரண்டாவது குழி

நேற்று அவன் பிடுங்கி எறிந்த பதினொரு நீர்முள்ளிச் செடிகளும் காலையில் குளக்கரையில் திரும்ப நின்றன. அதுகூடப் பெரிதில்லை. ஒவ்வொரு செடியின் அடியிலும் சேற்றை அமுக்கிய இரண்டு தடங்கள். ஒன்று முழுக் கட்டைவிரல், இன்னொன்று பாதி.

அவனுடைய அக்காவுக்கு இடது கட்டைவிரல் பாதிதான்; மீதியை அரிவாள் கொண்டுபோயிருந்தது. ஆனாலும் நீர்ச்செடி நடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "வேரை ஒண்ணொண்ணா விரிச்சு விடணும் தம்பி. கழுத்து மட்டும் வெளிய தெரியணும். புதைஞ்சா அழுகிடும்" என்பாள். குளத்தைத் தூர்த்து வீட்டைப் பெரிதாக்கலாம் என்று அவன் வாயைத் திறந்தாலே, "நான் இருக்கிற வரைக்கும் நடக்காது" என்பாள். மூன்று மாதத்துக்கு முன் கால் வழுக்கி, கழுத்தளவு சேற்றில் மாட்டிக்கொண்டு, "தம்பி, கை குடுடா" என்று கெஞ்சினாள். கூடப் பிறந்தவன், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கேட்டவர்களிடம், கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டாள் என்றான். அன்றைக்கும் அந்தப் பாவிக்குச் சோறு இறங்கத்தான் செய்தது.

நாளை லாரியில் மண் வருகிறது. குளம் மூடிவிட்டால் எல்லாம் மூடிவிடும்.

"யாரு நட்டது?" என்று மனைவியிடம் கேட்டான்.

"நீங்கன்னுல்ல நெனச்சேன். அக்கா கை பட்ட மாதிரியே இருக்கு. பூத்தா கரையே நீலமாயிடும். தூர்க்கத்தான் வேணுமாங்க?"

"உன் வேலையப் பாரு."

உச்சி வெயிலில் மண்வெட்டியோடு கரைக்குப் போனான். ஓர் இலை அசையவில்லை, அவன் கால் பட்டதும் தவளைகள் வாயடைத்துக்கொண்டன, அழுகின சேற்று வாடைக்கு அடியில் அக்கா குளிக்கும் சோப்பின் வாசனை மெல்ல மெல்ல ஏறி மூக்கை நிறைத்தது. செடிகளை எண்ணினான். பதினொன்று. வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு குழி, வெறுமனே. எந்தச் செடிக்கும் அவ்வளவு அகலம் வேண்டாம்.

அவன் பின்வாங்கினான். பின்னாலும் அதே குழிதான்.

முழங்கால். இடுப்பு. மார்பு. மண்வெட்டி கைக்கு எட்டவில்லை. அடியில் யாரோ பொறுமையாக அவன் கால்விரல்களைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாக. வேரை விரிப்பதுபோல.

கழுத்தில் வந்து நின்றது.

"ஏங்க, சாப்பிட வாங்க." மனைவி கரைக்கு வந்தாள். அலறினான். அவள் காதுக்கு, காற்றே இல்லாமல் இலைகள்தான் சலசலத்தன. அவள் நேராக அவன் முகத்தைப் பார்த்துக் குந்தினாள்.

"அட, இன்னொண்ணும் நட்டிருக்காரே. நிக்காம ஆடுது பாரு."

இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அணைத்தாள். கழுத்து மறைந்தது. மோவாய். வாய்.

அவளுடைய விரல்களுக்கு நடுவே இன்னும் இரண்டு கட்டைவிரல்கள் சேர்ந்து அமுக்கின.

ஒன்று முழுசு.

ஒன்று பாதி.