சூசையின் கைப்பிடி

கைப்பிடியின் வயரை நான்கு விரல் அளவு விட்டுத்தான் வெட்டினான். பத்திநாதனுக்கு அது நன்றாக நினைவிருந்தது. தேயிலைப் பெக்டரியிலிருந்து கொண்டுவந்த குறடு மழுங்கியிருந்ததால் வயரை மூன்று தடவை கடிக்க வேண்டியிருந்தது. சூசை செத்த எட்டாம் நாள் பூசை முடிந்து, மழையில் நனைந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து, டிவி கேம் பெட்டியை மேசைமேல் எடுத்து வைத்தபோது அந்த வெட்டுப்பட்ட வயர் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

நுனி ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தான். பீலியில், மலைத் தண்ணீர் விழும் கல்லில் படிந்திருக்குமே ஒரு வழுவழுப்பு, அது விரலில் ஒட்டியது. சீ என்று காற்சட்டையில் துடைத்தான். கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கூரை ஒழுகவில்லை.

பெட்டி சூசைரட்ணத்துடையது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அக்கா தெரேசா தம்பிக்கு அனுப்பியது. லயத்து வரிசை வீடுகளில் கரண்டு இல்லாததால் அது பெக்டரி கிளார்க் பத்திநாதனின் வீட்டில், அவனுடைய கறுப்பு வெள்ளை டிவிக்குப் பக்கத்திலேயே குடியிருந்தது. பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் வேலை பார்த்த சூசை, வேலை விட்டதும் எண்ணெய்க் கையோடு நேரே இங்கேதான் வருவான். கை கழுவு என்றால் கழுவ மாட்டான், தடியன். அவனுடைய கைப்பிடியில் எந்நேரமும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பத்திநாதன் அதைத் தொடமாட்டான்.

இரண்டு கைப்பிடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பட்டன். வயர்கள் பெட்டிக்குள்ளேயே பற்றவைக்கப்பட்டிருந்தன, கழற்ற வழியில்லை. அதில் நாலைந்து ஆட்டங்கள் இருந்தன. இருவருக்கும் பிடித்தது கிணறுதான். திரையில் ஒரு குழி, மேலே ஒரு வெள்ளைக் கட்டை மனிதன், கீழே ஒருவன், நடுவில் கயிறு. கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். கீழே இருப்பவன் துள்ளும் அதே கணத்தில் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். ஒருவன் மட்டும் கெட்டிக்காரனாக இருந்து பயனில்லை. கீழிருப்பவன் தன் ஆளை மூன்று முறை துள்ளவைத்தால் “தூக்கு” என்று பொருள். அது அவர்களாகவே வைத்துக்கொண்ட சைகை. ஏறி முடித்ததும் ஆட்டம் தானாக மாறிவிடும். ஏறியவன் கயிற்றைப் பிடிப்பான், பிடித்திருந்தவன் இறங்குவான்.

“நீ மேல இருக்கப்ப எனக்குப் பயமே இல்லடா பத்தி,” என்பான் சூசை.

செத்தவர் ஆசைப்பட்டதைச் சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்புவது தோட்டத்து வழக்கம். ஒருவருக்குப் பீடிக்கட்டு, ஒருவருக்கு வெற்றிலைப் பை. சூசைக்கு அந்தக் கைப்பிடியை வைத்தது பத்திநாதன்தான். வெட்டி எடுத்துப்போய், பிணத்தின் கையில் திணித்தான். விரல்கள் மடங்கவில்லை. ஒவ்வொன்றாக அவனே மடக்க வேண்டியிருந்தது. தண்ணீரில் ஊறிய பாண் ரொட்டித் துண்டு மாதிரி தோல் நழுவியது. பெருவிரலைச் சிவப்புப் பட்டன்மேல் வைத்து அழுத்திவிட்டு வெளியே ஓடி, கொல்லையில் வாந்தி எடுத்தான். பார்த்தவர்கள் அழுகிறான் என்று நினைத்தார்கள்.

இப்போது ஸ்விட்சைப் போட்டான். அழுவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கிணறு வந்தது. மேலே அவனுடைய ஆள். கீழே, குழியின் அடியில், ஆட்டுவிக்க ஆளில்லாத சூசையின் ஆள். தண்ணீர் ஏறத் தொடங்கியது. பெக்டரியில் ரோலர் ஓட்டினார்கள் போலும், கரண்டு ஒரு முறை மங்கி மீண்டது.

கீழே இருந்தவன் மூன்று முறை துள்ளினான்.

பத்திநாதனின் கை தன் பாட்டில் பட்டனை அழுத்தியது. கயிறு ஒரு படி ஏறியது. “சூசை,” என்றான் வாய்விட்டு. எட்டு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. சந்தோஷமாகத்தான் வந்தது. ஒரு படி, இன்னொரு படி. ஏழாவது படியில்தான் அந்த வாடை மூக்கில் ஏறியது. கறுத்துப்போன தண்ணீர், அழுகிய இலை, அதற்கடியில் இனிப்பாக ஏதோ ஒன்று. மலைமேல் உள்ள தண்ணீர் டேங்கியின் வாடை.

அவன் ஸ்விட்சை அணைத்தான். வாடை போகவில்லை.

டேங்கியில் நடந்தது ஒருவருக்கும் தெரியாது. பெக்டரிக்குத் தண்ணீர் வரும் குழாயில் அடைப்பு. சூசை கயிற்றை இடுப்பில் கட்டி அந்தக் கல்குழிக்குள் இறங்கினான். பத்திநாதன் மேலே நின்றான். மரத்தில் ஒரு சுற்றுப் போட்டுக்கொள் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. ஆட்டத்தில் மரம் கிடையாதே! மழை தூறியது. கயிறு மூன்று முறை ஆடியது. பத்திநாதன் இழுக்கத் தொடங்கினான்.

அப்போது மேலுதட்டில் ஏதோ ஊர்ந்தது.

அட்டை என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அட்டை அருவருப்பு என்று ஊரே சிரிக்கும். கொழுந்து எடுக்கும் பெண்கள் காலில் சவர்க்காரம் பூசுவதோடு சரி. ஏறினால் கிள்ளி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவனால் முடியாது. அந்தக் குளிர்ச்சி, முன்னும் பின்னும் நுனி தேடும் அந்தச் சப்பல், தடித்து உருண்டபின் அந்தக் கொழகொழப்பு! அது உதட்டைத் தாண்டி மூக்குத் துவாரத்துக்குள் தலையை நுழைத்தது. சூசை பாதி உயரத்தில் இருந்தான். “இழுடா பத்தி” என்றான்.

பத்திநாதன் இரண்டு கையையும் விட்டுவிட்டு மூக்கைப் பிடித்தான்.

“கயிறு வழுக்கிருச்சுங்க,” என்று எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாள் வயர் மேசையிலிருந்து தரையைத் தொட்டது. அதற்கு மறுநாள் கதவு வரை போயிருந்தது. அவன் அதை மிதிக்காமல் சுற்றி நடந்தான். பெட்டியைத் தூக்கி எறிந்துவிடலாம், எத்தனை தடவை நினைத்தான்! சாயங்காலம் ஆனதும் உட்கார்ந்து ஸ்விட்சைப் போடுவான். கீழே இருப்பவன் துள்ளிக் கேட்கிறானே, என்ன செய்வது? ஒரு தடவை விட்டது போதாதா? ஆட்டம் இப்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கவில்லை. நேற்று விட்ட படியிலேயே சூசை காத்திருந்தான். இந்தத் தடவை அவனை மேலே கொண்டுவந்துவிட்டால் போதும், பிறகு நிம்மதியாகத் தூங்கலாம் என்று பத்திநாதன் நம்பினான்.

மூன்றாம் நாள் மாலை, சூசையின் தாய் அந்தோனியம்மா தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். மழைக்குப் போர்த்திய கொங்காணிக்குள்ளும் நனைந்து, வாசலிலேயே நின்றாள்.

“சாப்புட்டியா தம்பி? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?”

“ஒன்னுமில்லம்மா. தூக்கம் இல்ல.”

“எனக்கும்தான். குழி வெட்டுன மாயாண்டி அண்ணன் சொன்னாரு, குழி உள்வாங்கியிருக்காம். மழத்தண்ணி நிக்கிதாம்.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எம்புள்ளைக்கு எப்பவும் தண்ணிதானா?”

பத்திநாதன் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டான்.

“ஒன்னு கேக்கணும் தம்பி. அந்த வெளையாட்டுச் சாமான், பொட்டியில வச்சியே, முழுசாத்தானே வச்ச?”

“ஆமாம்மா. முழுசாத்தான்.”

“அப்பன்னா சரி. பாதிய குடுத்துட்டுப் பாதிய வீட்டுல வச்சிக்கிட்டா மிச்சத்தத் தேடிக்கிட்டு வருவாங்கன்னு சொல்லுவாங்க. நாம வேதக்காரங்க, அதெல்லாம் நம்பக் கூடாதுன்னு பூச வைக்கிற சாமி சொல்றாரு. மனசு கேக்கலப்பா.” பிறகு அவன் தோளைத் தொட்டாள். “நீ என்னா பண்ணுவ. கை தாங்குன வரைக்கும் புடிச்சித்தானே இருந்திருப்ப.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்னா வயரு, தேயிலைக்குள்ள போகுது?”

வயர் வாசலைத் தாண்டி, படியில் இறங்கி, முற்றத்துச் சேற்றில் நெளிந்து, தேயிலைச் செடிகளுக்கு அடியில் மறைந்திருந்தது. அந்தச் சரிவின் அடியில்தான் சூசையின் கல்லறை.

“ஏரியல் வயரும்மா.”

“அட்ட ஏறுது பாரு, கருமம்.” வயரிலிருந்து ஒன்றைக் கிள்ளி எடுத்து, விரலில் உருட்டி, முற்றத்தில் எறிந்தாள். பிறகு கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் போய்விட்டாள்.

தூக்குச்சட்டியைத் திறந்தான். சோறு வெள்ளையாக, ஈரமாக, ஆவி விட்டது. பிணத்தின் விரல்கள் நினைவுக்கு வந்தன. மூடிவைத்தான்.

மணி ஆறு. மூடுபனி வாசலில் வந்து நின்றது. திரையில் ஒரே ஒரு படி பாக்கி. சூசையின் ஆள் மூன்று முறை துள்ளினான். பத்திநாதன் பட்டனை அழுத்தினான். கயிறு அசையவில்லை. மறுபடி அழுத்தினான். அசையவில்லை.

தரையில் கிடந்த வயர் மூன்று முறை ஆடியது.

தொடக்கூடாது. அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் ஏற்கெனவே குனிந்திருந்தான். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். முதலில் சுலபமாக வந்தது, சேற்றோடு, இலையோடு. பிறகு கனத்தது. வயர் விரலுக்குள் வழுக்கியது. குளிர்ந்து, தடித்து, சுருங்கி, நீண்டது. அதன்மேல் அட்டைகள். ஒன்று, பத்து, வயரே தெரியாத அளவுக்கு அட்டைகள். முழங்கை வரை ஏறின. குமட்டல் தொண்டை வரை வந்தது. விட்டுவிடு, விட்டுவிடு என்று உடம்பு முழுதும் கத்தியது.

“விடமாட்டேன்டா,” என்றான். “இந்தத் தடவ விடமாட்டேன்.”

இழுத்தான். தேயிலைச் செடிகள் விலகும் சத்தம். முற்றத்துச் சேற்றில் ஏதோ ஈரமாக இழுபடும் சத்தம். படியில் ஒரு சப்பென்ற சத்தம். இன்னொன்று.

வாசல்படிமேல் ஒரு கை வந்தது.

வெளுத்து உப்பிய கை. தோல் பாதி உரிந்து கையுறை மாதிரி தொங்கியது. கைப்பிடியை அது விடவில்லை. பெருவிரல், அவன் வைத்த இடத்திலேயே, சிவப்புப் பட்டன்மேல். பிறகு தலை. பிறகு முகம். முகமெல்லாம் ஊறிப்போய், கண் இருந்த இடத்தில் தடித்த கறுப்பு உருண்டைகள் மெல்ல அசைந்தன.

போதும். மேலே வந்துவிட்டான். பத்திநாதன் கையை விரிக்கப் பார்த்தான். விரியவில்லை. உள்ளங்கையில் வயர் வாய் வைத்திருந்தது. வலியே இல்லை. அட்டை கடித்தால் வலிக்காது.

திரையில் சூசையின் ஆள் மேலே நின்றான். ஆட்டம் தானாக மாறியது.

பெருவிரல் பட்டனை அழுத்தியது.

காலடியில் சிமெந்துத் தரை இல்லை. கால் தேடியது. குளிர். தண்ணீர். முழங்கால், இடுப்பு. சுற்றிலும் பாசி பிடித்த கல். மேலே, வெகு மேலே, சதுரமாக ஒரு வாசல் வெளிச்சம். அதில் சூசை குனிந்து நின்றான், இரண்டு கையிலும் வயரைப் பிடித்தபடி.

பத்திநாதன் வயரை மூன்று முறை ஆட்டினான்.

சூசை இழுத்தான். ஒரு படி. இன்னொரு படி. நன்றாகத்தான் இழுத்தான்.

பாதி உயரத்தில் நிறுத்தினான். அவனுடைய ஊறிய மேலுதட்டில் ஒரு சின்ன அட்டை, முன்னும் பின்னும் நுனி தேடிக்கொண்டு, மூக்கை நோக்கி ஊர்ந்தது. சூசை தலையைச் சாய்த்து அது ஊர்வதைக் கவனித்தான். பிறகு அதைத் தட்டிவிட, மெதுவாக ஒரு கையை எடுத்தான்.