கழுத்து நேராக்கும் அச்சு

வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள் வெர்னா. எதிரில் வைத்த காப்பியைத் தொடக்கூட இல்லை.

"என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க, ஹால்வர். நாளைக்குப் போட்டியில நான் சுடக் கூடாதாம். துப்பாக்கி கிளப்பை விட்டே போகணுமாம்!"

மொன்டானா காடுகளில் வேட்டைத் திருடர்களைப் பிடித்தே தலை நரைத்தவர் ஹால்வர் லுண்ட். ஓய்வு பெற்ற பிறகும், ஊரில் ஏதாவது காணாமல் போனால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் ராக்ஸியோ கூப்பிடாமலே அவருக்குத் துணைக்கு வந்துவிடுபவள். இப்போதும் பக்கத்திலேயே இருந்தாள்.

"எதைத் திருடினியாம்?" என்றார் ஹால்வர்.

"என் அச்சை நானே திருடிட்டேனாம்! என் பெட்டியில இருந்த என் பொருளை, கிளப்புல என்னோட சுடற டுவைட் தன்னோடதுங்கறான்."

சுட்டபின் விரிந்துபோகும் பித்தளைத் தோட்டாக் கூட்டை மறுபடி அளவுக்கு ஒடுக்குகிற எஃகு அச்சு அது. கடையில் விற்கும் அச்சு, குண்டைப் பிடித்து நிற்கும் கூட்டின் கழுத்தை அளவுக்கு மேல் நெரித்துவிடும். பிறகு அதன் உள்ளிருக்கும் ஓர் உருண்டை கழுத்தை இழுத்து விரிக்கும். அந்த இழுப்பில்தான் கழுத்து கோணும். கழுத்து கோணினால் குறியும் கோணும். ஆகவே விவரமானவர்கள் உருண்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தங்கள் கூட்டுக்குத் தக்கபடி அச்சின் துளையைத் தேய்த்து அகலமாக்கிக்கொள்வார்கள்.

"குளிர்காலம் பூரா உக்காந்து தேய்ச்சேன். போன சனிக்கிழமை அஞ்சு குண்டும் ஒரே ஓட்டையில விழுந்துச்சு. அவனுக்குப் பொறுக்கல."

"அச்சுல உன் பேர் போட்டிருக்கியா?" என்று ராக்ஸி குறுக்கிட்டாள்.

"உன் வீட்டுச் சட்டியில நீ பேர் போட்டா வச்சிருக்கே?"

மூவரும் கிளம்பினார்கள்.

கிளப்பில் அந்த அச்சு தலைவர் கர்டிஸின் மேசைமேல் இருந்தது. டுவைட் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"நான் தேய்ச்சது. உருண்டையைக் கழற்றினதும் நான்தான். வருஷக்கணக்கா என் தோட்டா எல்லாம் இதுலதான் செய்யறேன்" என்றான். "இவளுக்கு அச்சு தேய்க்கத் தெரியுமா? கேரட் சீவற மாதிரி கூட்டோட கழுத்தைச் சீவிட்டு உக்காந்திருக்கிறவ! நானெல்லாம் கடையில வாங்கின கூட்டை அப்படியே போடுவேன். சீவறது வேலையத்தவங்க வேலை."

கர்டிஸ் சிரித்தார். ராக்ஸிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணைத் திருடி என்று துரத்திவிட்டு, சிரிப்பு வேறா?

ஹால்வர் மட்டும் நிதானமாக இருந்தார். "ரெண்டு பேரும் சுட்ட கூடு நாலு நாலு குடுங்க. குண்டும் குடுங்க."

இருவர் துப்பாக்கியும் ஒரே ரகம்தான். ஹால்வர் அந்த அச்சை, கூட்டை அதற்குள் அழுத்தித் தள்ளும் பிரஸ்ஸில் மாட்டி, முதலில் வெர்னாவின் கூடுகளை ஒடுக்கினார். அவற்றில் குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கி, அளவாகப் பிடித்து நின்றது. டுவைட்டின் கூடுகளும் அதே அச்சில் ஒடுங்கின. ஆனால் குண்டை அழுத்தியதும் அதன் மேலுறைச் செம்பு சுருள் சுருளாக உரிந்தது. கூட்டின் கழுத்து நசுங்கியது. நாலும் அதே கதிதான்.

"பிரஸ் சரியில்ல" என்றான் டுவைட்.

"வெர்னாவுக்கு மட்டும் சரியா இருந்துச்சா?" என்றார் ஹால்வர். "இவ கூட்டோட கழுத்தை வெளிப்பக்கம் சீவி மெலிசாக்கறா. மெலிசான கழுத்துக்குச் சின்னத் துளை போதும். நீ சீவறதே இல்லைன்னு இப்பதான் சொன்னே. உன் கூட்டோட கழுத்து தடிமன். உனக்காகத் தேய்ச்சிருந்தா துளையை இன்னும் பெரிசாக்கியிருப்பே. இந்தத் துளையில உன் கூடு ஒரேயடியா நெரிஞ்சுபோகுது. அதை விரிக்க உருண்டை வேணும். அதைத்தான் கழற்றிட்டேன்னியே! வருஷக்கணக்கா எப்படித் தோட்டா செஞ்சே? இதுல உன்னால ஒண்ணுகூடச் செஞ்சிருக்க முடியாது."

"கெட்டிக்காரன் புளுகாவது எட்டு நாளைக்கு நிக்கும்" என்று பொரிந்தாள் ராக்ஸி. "உன் புளுகு ஒரு நாள்கூட நிக்கலையே!"

டுவைட்டின் முகம் சுருங்கியது. "இத்தனை வருஷம் நான்தான் ஜெயிச்சேன்" என்று முணுமுணுத்தான்.

கர்டிஸ் தொண்டையைச் செருமினார். "சரி, ஆனது ஆச்சு. ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்க. அவன் அடிச்சுச் சொன்னான், நான் நம்பிட்டேன்."

வெர்னா கையை நீட்டவில்லை. "அவன் சொன்னா போதும், சாட்சி வேண்டாம். நான் சொன்னா நம்பறதுக்கு மட்டும் நாலு கூடு நசுங்கணுமா?"

கர்டிஸ் தரையைப் பார்த்தார்.

"நாளைக்கு நான் சுடுவேன்" என்றாள் வெர்னா. "இவன் சுடுவானாங்கறதை இங்கேயே, இப்பவே சொல்லுங்க."

குரலை உயர்த்தியே அறியாத ஹால்வர் மேசையைத் தட்டினார்.

"சொல்லுங்க, கர்டிஸ்! காலையில இவளை வெளியே அனுப்ப இவ்வளவு நேரம் ஆகலையே?"

கர்டிஸ் நிமிர்ந்தார்.

"டுவைட், கிளப் சாவியை வச்சிட்டுப் போ" என்றார்.