பதினேழாம் வாய்ப்பாடு

முப்பத்தாறு பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் தோற்றுவிட்டார்கள் என்று வேர்காட்டி இயந்திரம் சொன்னபோது, பொன்செல்வி டீச்சருக்கு முதலில் வந்தது பெருமைதான். அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

தலைமையாசிரியர் துரைசிங்கத்தின் அறைச் சுவர் முழுக்கப் பரீட்சைக் கட்டுரைகள் ஒளிர்ந்தன. பிறரிடமிருந்து வந்த வாக்கியம் மஞ்சளாகிவிடும். அதிலிருந்து ஒரு கோடு கிளம்பி, அந்த வாக்கியம் முதன்முதலில் எங்கே பதிவானதோ அங்கே போய் நிற்கும். அன்றைக்கு அத்தனை கோடுகளும் போய் நின்ற இடம் ஒன்றுதான். பொன்செல்வியின் வலைப்பூ.

"பாத்தீயளா டீச்சர்? ஒரு வகுப்பே உங்களக் காப்பியடிச்சிருக்கு" என்றார் துரைசிங்கம்.

"காப்பி இல்ல சார். பழக்கம். திங்கக்கிழம திங்கக்கிழம என் பதிவ வாசிச்சுக் காட்டுதேன். காதுல விழுந்தது கையில வருது."

"அந்த மெஷினுக்குப் பழக்கமும் தெரியாது, பாசமும் தெரியாது. அறுபதுக்குக் கீழ போனா பெயில். காலேஜ் சீட்டு கெடையாது."

இயந்திரங்கள் எழுதிக் குவித்த காலத்தில், எது யார் எழுத்து என்று தெரியாமல் நாடே திண்டாடிப்போனது. அந்தக் குழப்பத்துக்கு மருந்தாக வந்ததுதான் வேர்காட்டி. சொல்லை மாற்றிப்போட்டு அதை ஏமாற்ற முடியாது. வாக்கியத்தின் நடையையும் அது காட்டும் காட்சியையும் சேர்த்து மோப்பம் பிடித்து, தன்மொழி எத்தனை விழுக்காடு என்று சொல்லிவிடும். அதோடு இன்னொரு சட்டமும் வந்தது. எழுதக் கற்றுத்தரும் ஆசிரியர் வாரம் ஒரு பதிவாவது எழுத வேண்டும். அவருக்கும் அதே அறுபதுதான் எல்லை. பொன்செல்விக்கு இந்தச் சட்டம் தேனாக இனித்தது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கி, அவள் பதினெட்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய தன்மொழி ஒரு வாரம்கூடத் தொண்ணூறைவிட்டு இறங்கியதில்லை.

பெருமை அறை வாசல் வரைக்கும்தான் கூட வந்தது. வெளியே பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். உப்பளத்துக்காரி மகள், வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள். பரீட்சையில் அவளுக்குக் கிடைத்த தன்மொழி பதினொன்று.

"டீச்சர், அது எங்கம்மா காலு" என்றாள்.

"எது?"

"நான் பரீட்சையில எழுதுனது. எங்கம்மா கால வெந்நியில வைக்கது. அது உங்க பதிவுல இருந்து எடுத்ததுன்னு மெஷின் சொல்லுது. ஏழாங்கிளாஸ்ல நாந்தான டீச்சர் அத எழுதிக் குடுத்தேன்?"

பொன்செல்விக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அவளைப் பேரெடுக்க வைத்த பதிவு அது. உப்பில் வெடித்த காலை அம்மா வெந்நீரில் வைக்கும்போது மகளைக் கூப்பிட்டு, பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லச் சொல்வாள். தான் முனகுவது பிள்ளைக்குக் கேட்கக்கூடாது. மகள் எத்தனை தப்புவிட்டாலும் அன்றைக்கு மட்டும் அம்மா திருத்த மாட்டாள். இதைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் அழுது கடிதம் எழுதினார்கள். மேடையில் பேசும்போது 'என் அம்மா' என்றே சொல்லிப் பழகி, அவள் நாக்கும் அதை நம்பிவிட்டது. அவளுடைய அம்மாவோ தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். உப்பளத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

கட்டுரை நோட்டுகளைத் திருத்தும்போது நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் குறித்துக்கொள்வது அவள் வழக்கம். வகுப்பிலும் முதல் பாடமே அதுதான். "நல்ல விஷயம் காதுல விழுந்தா உடனே குறிச்சிரணும். யாரு சொன்னான்னு பாக்காதீங்க." குறித்து வைத்தது யாருடையது என்பதை வருடங்கள் தின்றுவிட்டன.

அவள் திரும்பவும் துரைசிங்கத்தின் அறைக்குள் போனாள். உட்காரப் பிடிக்கவில்லை. நின்றபடியே உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த ஏழாங்கிளாஸ் நோட்டு இருக்கா?"

"பழைய பேப்பருக்குப் போட்டாச்சு."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது டீச்சர். மனுசன் வாக்கு செல்லாதுன்னுதான இந்த மெஷினையே வாங்கி வச்சிருக்கு. தேதி போட்ட பதிவுதான் சாட்சி."

"நான் என் பதிவ எடுத்துட்டா?"

துரைசிங்கம் அவளையே பார்த்தார். வேர்நீக்கம் என்று ஒரு வழி இருந்தது. எழுதியவர் தன் எழுத்தை வேர்காட்டியின் கிடங்கிலிருந்து அழித்துவிட்டால், அடுத்தபடியாக யார் பதிந்தார்களோ அவர்களே வேர். பரீட்சைக் கட்டுரையும் பதிவுக் கணக்குதான். அழித்தது திரும்ப வராது.

"அந்த ஒரு பதிவ எடுத்தா பெனிட்டா தப்பிச்சுருவா. மத்த முப்பது பேரு?" என்றார்.

அன்று பகல் முழுக்க அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஆசிரியர் அறைக்கும் மாடிப்படிக்கும் நடந்தாள். குடிக்க எடுத்த தேநீரை எங்கே வைத்தோம் என்று இரண்டு தடவை தேடினாள். ஒரு பதிவை அழிக்கலாம் என்று நினைப்பாள். உடனே இன்னொரு பிள்ளையின் மஞ்சள் கட்டுரை கண்முன் வந்து நிற்கும். பதினெட்டு வருடம். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்ததெல்லாம் அந்த வலைப்பூதான். கடைசி மணி அடித்ததும் மளமளவென்று வலைப்பூவுக்குள் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்தாள். நின்று யோசித்தால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் முப்பத்தாறு பேரும் தேறியிருந்தார்கள். பெனிட்டாவுக்குத் தொண்ணூற்றாறு.

அந்த வாரப் பதிவைப் பொன்செல்வி ஆசை ஆசையாக எழுதினாள். ஒளிவுமறைவில்லாமல், தன் திருட்டைப் பற்றியே எழுதினாள். வேர்காட்டி அதை நான்கு நொடி மோப்பம் பிடித்தது. பக்கம் மஞ்சளாகப் பூத்தது. தன்மொழி ஏழு. கோடுகள் முப்பத்தாறு பிள்ளைகளின் பேருக்கும் ஓடின. அவள் நடை, அவள் நிறுத்தும் இடம், அவள் வாக்கியத்தை முடிக்கும் விதம் எல்லாமே இப்போது அவர்களுடையது. தடித்த கோடு பெனிட்டாவிடம் போய் நின்றது.

சட்டத்தில் அதற்கும் இடம் இருந்தது. எல்லைக்குக் கீழே போன ஆசிரியர் யாருடைய எழுத்தை அதிகம் எடுத்தாரோ, அவரிடமே ஆறு வாரம் பயில வேண்டும். அதற்குள் ஒரு பதிவாவது தேறாவிட்டால் வேலை போய்விடும்.

ஐந்து வாரம் ஓடிவிட்டது. எதை எழுதினாலும் மஞ்சள்தான். ஆறாவது வாரம் காலியான வகுப்பில் பெனிட்டா எதிரே உட்கார்ந்திருந்தாள். புதிதாக அவளும் ஒரு வலைப்பூ தொடங்கி, குறிப்பதையெல்லாம் அதிலேயே பதிந்துவந்தாள். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கையடக்கத் திரையான கைத்தகட்டை மேசைக்கடியில் வைத்து விரலால் நிரடிக்கொண்டே இருந்தாள்.

"டீச்சர், உங்கம்மா காலு எப்படி இருக்கும்?"

ஊரையெல்லாம் அழ வைத்த பொன்செல்விக்குத் தன் தாயின் கால் நினைவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது. எழுந்து ஜன்னல் வரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். அப்போதுதான் எங்கிருந்தோ அந்த நினைவு வந்தது.

"பஸ் ஸ்டாப்புல நிக்கும்போது ஒரு செருப்பக் கழட்டி, அந்தக் காலத் தூக்கி மத்தக் கால் மேல வச்சுக்குவா. நாள் முழுக்க உக்காந்தே இருந்தவ, பஸ் வர்ற வரைக்கும் ஒத்தக் கால்ல நிப்பா. கால் வலிக்கலையாம்மான்னு கேட்டா, இன்னைக்கு முழுக்க இந்தக் காலுக்கு வேலையே குடுக்கலட்டின்னு சிரிப்பா."

சொல்லி முடித்தபோது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவளுடைய அம்மா, அவளுடைய அம்மாவாகவே வந்திருந்தாள்.

"நல்லா இருக்கு டீச்சர்" என்றாள் பெனிட்டா மெதுவாக. "ரொம்ப நல்லா இருக்கு."

பொன்செல்வி மடமடவென்று தட்டச்சு செய்தாள். பேருந்து நிறுத்தம், கழற்றிய செருப்பு, ஒற்றைக் கால். வேர்காட்டி மோப்பம் பிடித்தது. முதல் வாக்கியம் மஞ்சளானது. இரண்டாவதும் ஆனது. கோடு நீண்டு, பெனிட்டாவின் வலைப்பூவில் போய் நின்றது. பதிந்த நேரம், மூன்று நிமிடத்துக்கு முன்பு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பெனிட்டா தன் கைத்தகட்டைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்ததுதான டீச்சர்" என்றாள். "கை தன்னால குறிச்சிட்டு."