பிரிய சத்தம்

ஹாஸ்டல் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே மதர் சிவப்பு மசியில் என்.சி. என்று எழுதினார். நான்-கத்தோலிக். அறுபத்துமூன்றாம் வருஷம் ஜூன் மாதம், தூத்துக்குடியில் காற்று மண்ணை வாரி முகத்தில் இறைக்கிற பருவம் அது. என் அப்பா பாஷ்யம், நாங்குநேரியில் பள்ளிக்கூட வாத்தியார், தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

மதர் நல்லவிதமாகத்தான் பேசினார். எனக்குச் சைவச் சாப்பாடு தனியாக உண்டு என்றார். ஐயங்கார் பெண்ணின் சாப்பாட்டைச் சைவம் என்றதில் அப்பாவின் முகம் கொஞ்சம் கோணியது. ஜெபத்துக்கு வா என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மற்றப் பெண்கள் வளாகத்துக்குள்ளேயே இருந்த சேப்பலுக்குப் போகும்போது நான் ஸ்டடி ஹாலில் உட்கார்ந்து படிக்கலாம்.

அப்பாவுக்கு அது போதவில்லை. கிளம்பும்போது கேட்டருகே நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அலர்மேலு, அந்தக் கோவில் வாசல்ல கால் வெச்சேன்னு என் காதுல விழுந்துதோ, அன்னிக்கே பெட்டியக் கட்டிண்டு ஆத்துக்கு வந்துடணும்."

சொன்னால் செய்கிறவர். ஆராவமுதன் என்று ஒரு ரயில்வே குமாஸ்தாவை வேறு எனக்காகப் பார்த்து வைத்திருந்தார்கள். பெட்டியைக் கட்டினால் படிப்பு அதோடு சரி.

ஆக, நான் ஸ்டடி ஹாலில் உட்கார்ந்தேன்.

ஹாஸ்டலில் அறுபது பெண்கள். என்.சி. நாலே பேர். மற்ற மூவரும் எட்டயபுரம் பக்கத்துக்காரிகள், வெள்ளிக்கிழமை மதியமே பஸ் ஏறிவிடுவார்கள். எனக்கு மாதம் ஒரு தடவைதான் ஊர். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த நீள ஹாலில் நான் ஒருத்திதான் இருப்பேன். முற்றத்துக்கு அந்தப்புறம் சேப்பலில் ஒரு பெண் ஜெபமாலையைத் தொடங்குவாள். அவள் பாதி ஜெபம் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலாக மீதிப் பாதியைச் சொல்வார்கள். காற்று வார்த்தைகளைக் கொண்டுபோய்விடும், முழக்கம் மட்டும் வந்து சேரும். முடிந்ததும் கைகோத்துச் சிரித்துக்கொண்டே வருவார்கள். எனக்கு அவர்கள் யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. விருந்தாளியை நடத்துகிற மாதிரி நடத்தினார்கள். அவர்களில் ஒருத்தியாக இருக்கமாட்டேனா என்று ராத்திரி தலையணையில் அழுதிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் பிளாரன்ஸ், ஆலந்தலைக்காரி. அவள் மட்டும் வெளிப்படையாகக் கேட்பாள்.

"ஏளா, ஒத்தையில இருந்து என்னத்தப் படிப்ப? வந்து கடைசி பெஞ்சுல இரியேன்."

"அப்பா" என்பேன். அதற்குமேல் அவள் கேட்கமாட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமைதான் அந்தக் குரலைக் கேட்டேன்.

ஸ்டடி ஹாலை ஒட்டி ஓர் அறை, எப்போதும் சாத்தியே கிடக்கும். அன்று விளக்குப் போடுகிற நேரம். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு பெண் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாக்கு வறண்ட குரல். யாரோ உடம்புக்கு முடியாத சிஸ்டர், சேப்பலுக்குப் போக முடியாமல் அறையிலேயே சொல்கிறார் என்று நினைத்தேன்.

"பிரிய சத்தத்தினாலே பூரண மரியாயே…"

பாதி வரை சொல்லி நிறுத்தினாள். காத்திருந்தாள். பதில் வராமல், மீதிப் பாதியை மெதுவாகத் தானே சொன்னாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

எனக்குப் பாவமாக இருந்தது. இவளும் என்னைப் போல ஒத்தையில் விடப்பட்டவள்தானே என்று தோன்றியது. அதோடு, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த ஜெபம் வேண்டியிருந்தது. இரண்டு சனிக்கிழமையில் பாடமாகிவிட்டது. அப்பா தடுத்தது சேப்பலைத்தானே, ஜெபத்தை இல்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவள் பாதியில் நிறுத்தியபோது, மீதியை நான் சொன்னேன்.

சுவருக்கு அப்பால் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு அவள் தொடங்கினாள், இந்தத் தடவை வேகமாக. சந்தோஷப்படுகிறாள் என்று புரிந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை எனக்குப் பரீட்சைக் கவலை. அவள் தொடங்கியதைக் கவனித்தும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் பாதியையே திரும்பச் சொன்னாள். மீதியைத் தானே சொல்லிக்கொள்ளவில்லை.

மறுபடி சொன்னாள்.

மூன்றாம் தடவை குரல் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டது.

ஹாலில் ஒருவரும் இல்லை. ஈரத்துணியின் முடை நாற்றம் அடித்தது. கடைசி வரிசை பெஞ்சிலிருந்து ஒரு தடவை. அதற்கு முன் வரிசையிலிருந்து ஒரு தடவை. எனக்குப் பின்னால் இருந்த பெஞ்சு கிறீச்சிட்டது.

நான் குனிந்த தலை நிமிராமல் பதில் பாதியைச் சொன்னேன். ஆமென் என்று முடித்ததும் நாற்றம் விலகியது. அடுத்த ஜெபம் பழையபடி சுவருக்கு அப்பாலிருந்து வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்குக் கடிதம் போகும், பெட்டியைக் கட்டச் சொல்வார். பயந்து பிரமை தட்டியது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஜூலைக் கடைசியில் பனிமய மாதா திருவிழாவுக்காகச் சேப்பலுக்கு வெள்ளையடித்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஜெபமாலை ஹாஸ்டல் வராந்தாவில் என்றார்கள். வராந்தா சேப்பல் இல்லை. நான் போய்ப் பிளாரன்ஸ் பக்கத்தில் முழங்கால் போட்டேன். பத்துப் பத்து மணியாக ஆளுக்கொருத்தி முன்சொல்ல வேண்டும். பிளாரன்ஸ் தன் பத்தை முடித்து ஜெபமாலையை என் கையில் திணித்தாள்.

"அடுத்த பத்து நீ சொல்லுளா."

அத்தனை முகமும் திரும்பியது. எனக்குக் காது சூடேறியது. இதற்காகத்தானே அத்தனை வாரம் காத்திருந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று சொன்னேன்.

"பிரிய சத்தத்தினாலே பூரண மரியாயே…"

யாரோ களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்திக்கு அது தொற்றியது.

"சிரிக்கக் கூடாது," என்றார் மதர்.

அதட்டலாக இல்லை. அவர் சுவரில் கையை ஊன்றி நின்றிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"யாரும் சிரிக்காதீங்க. பதில் சொல்லுங்க. சீக்கிரம்."

பெண்கள் பதில் சொன்னார்கள். அவர்கள் முடித்த பிறகு, பூட்டிய அறைப்பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் கொஞ்சம் பிந்தி ஆமென் என்றது. அதை எல்லாரும் கேட்டார்கள்.

அன்றிரவு மதர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பிளாரன்ஸ் துணைக்கு வந்தாள்.

"ஒனக்கு அந்த வார்த்தைய யாரு சொல்லிக் குடுத்தா?"

"பக்கத்து ரூம் சிஸ்டர்."

"அங்கன சிஸ்டர் யாரும் கெடையாது. ஒடஞ்ச டெஸ்க்தான் கெடக்கு."

மதர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். 'அருள் நிறைந்த' என்று இந்தப் பெண்கள் சொல்லும் இடத்தில், அந்தக் காலத்தில் 'பிரிய தத்தத்தினாலே' என்று சொல்வார்களாம். மதர் இதே ஹாஸ்டலில் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது செண்பகம் என்று ஒரு பெண் இருந்தாள். பனங்காட்டு ஊர்க்காரி, இந்து. அவளையும் ஸ்டடி ஹாலில்தான் உட்காரவைத்தார்கள். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டே ஜெபத்தைப் படித்தவளுக்குத் தத்தம் என்பது சத்தம் என்று காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் எல்லாருக்கும் நடுவில் ஆசையாகச் சொல்லிக் காட்டினாள்.

"மொதல்ல சிரிச்சது நான்தான்," என்றார் மதர். "அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. பேரே பிரிய சத்தம்னு ஆயிட்டு. அவ யாருட்டயும் பேசுததில்ல. மறுமாசம் காய்ச்சல். நெத்தியில ஈரத்துணியோட அந்த ரூம்லதான் போட்டிருந்து. சனிக்கெழம அவ பக்கத்துல இருக்க வேண்டியது நான். ஜெபத்த விட மனசில்லாம சேப்பலுக்குப் போயிட்டேன். நான் போறப்ப ஜெபத்தச் சொல்லிச் சொல்லி நிறுத்துதா, யாராவது பதில் சொல்லமாட்டாங்களான்னு. திரும்பி வந்து பாத்தா உயிர் இல்ல."

பிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏன் மதர், அப்ப இவ பதில் சொன்னதுனாலதான்…" என்றாள்.

மதர் கிட்டே வந்தார். என் தலையில் கைவைத்தார்.

"இனிமே நீ அங்கன தனியா இருக்க வேண்டாம். சனிக்கெழம சேப்பலுக்கு வந்திரு. ஒங்க அப்பாவுக்கு நான் ஜவாப் சொல்லிக்கிடுதேன்."

ஒரு வாரம் முழுக்க அப்பாவின் முகமும் அந்தப் பெஞ்சின் கிறீச்சிடலும் மாறி மாறி வந்தன. கடைசியில் ஆராவமுதனுக்கு வாழ்க்கைப்பட்டாலும் பரவாயில்லை என்று சேப்பல் வாசலில் கால் வைத்தேன்.

புதுச் சுண்ணாம்பு வாசனை. கடைசி பெஞ்சில் பிளாரன்ஸ் தன் முக்காட்டில் ஒரு முனையை எனக்கும் போட்டாள். அவளுக்கு அடுத்து நான். எனக்கு இந்தப்பக்கம் பெஞ்சு காலியாக இருந்தது. ஜெபமாலை தொடங்கியது. அத்தனை குரலுக்குள் என் குரலும் போய்ச் சேர்ந்தபோது உடம்பு சிலிர்த்தது. பயம் போயிற்று. அந்த அரைமணி நேரம் போலச் சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

ஐந்து பேர் முன்சொல்லி முடித்தார்கள். கடைசி மணியும் ஆயிற்று. மதர் எழுந்திருக்க முன்பெஞ்சைப் பிடித்தார்.

ஈரத்துணி நாற்றம் வந்தது.

"பிரிய சத்தத்தினாலே பூரண மரியாயே…"

என் இடப்பக்கம். காலி பெஞ்சிலிருந்து.

யாரும் சிரிக்கவில்லை.

பாதியில் நின்றது. காத்திருந்தது. மதர் எழுந்த முழங்காலை மறுபடி தரையில் போட்டு, மீதியைத் தொடங்கினார். நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம்.

ஆமென் என்றோம். அவள் அடுத்ததைத் தொடங்கினாள்.

பத்து ஆயிற்று. ஐம்பது ஆயிற்று. முன்வரிசையில் ஒருத்தி எழுந்து வாசலுக்கு ஓடப்பார்த்தாள். சட்டென்று குரல் அந்த வரிசைக்குப் போயிற்று. அவள் அப்படியே உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள். குரல் என் பக்கத்துக்குத் திரும்பி வந்தது. பிளாரன்ஸின் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. அவள் அழுதுகொண்டே சொன்னாள். எல்லாரும் அப்படித்தான். என் குரல் எது, அவர்கள் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. நான் ஏங்கிக் கிடந்தது அதற்குத்தான். இப்போது யாராவது என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் போதும் என்றிருந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. ஒருவரும் அசையவில்லை. தொண்டை கட்டி, குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வந்தன. மதரின் குரல் நின்றுவிட்டது. பிளாரன்ஸ் வெறும் உதட்டை அசைத்தாள். கடைசியில் என் குரல் மட்டும்தான் கேட்டது.

ஆமென் என்று முடித்தேன்.

பக்கத்தில் அவள் மூச்சை உள்ளிழுத்தாள்.