சூழல் திருத்தம்

எஸ்தர் நலமாக இருக்கிறாள் என்று உளமானி மூன்றாவது முறையாகச் சொன்னது. நெற்றிப்பட்டையைக் கழற்றாமல் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை வட்டத்துக்குள் ஐம்பத்திரண்டு. அதன் கீழே ஒரு பூ வேறு மலர்ந்து சிரித்தது.

"இன்னொரு வாட்டி பாருங்கண்ணா. நான் ஒழுங்கா சோறு துன்னு பத்து நாள் ஆவுது. தூக்கமே வர்ல. வேலைக்குக் கெளம்பி மாடிப்படில குந்துனா, அப்புறம் எழுந்துக்கவே தோணல. இதுக்குப் பேரா நலம்?"

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றார் அளவர் நசீர். நலக்கூடத்தில் உளமானியை இயக்குவது அவர் வேலை. எட்டு மாதத்துக்கு முன்பு நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் இதைச் சொல்வார்.

மெஷின் பொய் சொல்லாதுதான். கடல் உள்ளே வந்து கரையோரத் தெருக்களை விழுங்கியபோது, அங்கிருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து புதுக்கரை நகரின் பதினாறு மாடிக் கட்டடங்களில் இறக்கினார்கள். அந்த நாளில் மனநல மருத்துவரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் கூலியை விட வேண்டும், 'உனக்கென்ன பைத்தியமா?' என்று கேட்கும் வீட்டாரையும் சமாளிக்க வேண்டும். உளமானி வந்து அத்தனையையும் ஒழித்தது. ஐந்து நிமிடம் பட்டையைக் கட்டிக்கொண்டால், மூளை படும் பாட்டை எண்ணாகச் சொல்லிவிடும். எழுபதைத் தாண்டினால் மறுநாளே மருத்துவர் வீடு தேடி வருவார். நல்ல கண்டுபிடிப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் ஆண்டில் மட்டும் ஒரு சங்கடம். புதுக்கரை முழுவதும் சிவப்பாகக் காட்டியது. அவ்வளவு மருத்துவர்களுக்கு எங்கே போவது? நிபுணர்கள் கூடிப் பேசி, கோளாறு அளவையில்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் சூழல் திருத்தம். ஒருவரின் அளவை, அதே பகுதியில் கடைசியாக அளந்த நூறு பேரின் சராசரியோடு ஒப்பிட வேண்டும். அக்கம்பக்கத்தாரைப் போலவே இருந்தால் ஐம்பது. அன்றோடு புதுக்கரை குணமாகிவிட்டது.

நசீர் இதைச் சுருக்கமாகச் சொன்னார். எஸ்தருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி அவளை இன்னும் குழப்பியது.

"எதிர்வீட்டு ரோஸி ஒரு மாசமா யார்கிட்டயும் பேசறதில்ல. கீழ்மாடி தினேசு ரூமை வுட்டு வெளிய வர்றதில்ல. அவங்கல்லாம் கெட்டுப் போவப் போவ நான் நல்லா ஆவறேனா?"

நசீர் ஒரு துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார்.

புதுக்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை கேட்டுப் போகும் இடத்தில் சொந்த முகவரியைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த கேள்வியே வராது. அதனால் நகரத்தில் இருக்கும் யாராவது ஓர் உறவினரின் முகவரியை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். எஸ்தருக்கு அவள் சித்தி வீடு. வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் பொய் எதற்கு என்று நினைத்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இங்கேதான் உண்மையைச் சொல்லியிருந்தாள்.

"எங்க சித்தி வூட்டு அட்ரஸ் போட்டுப் பாருங்க, கமலா அவென்யூ."

நசீர் தயங்கினார். பிறகு சோதனை முறையில் மாற்றினார். திரை சிவந்தது. தொண்ணூற்று மூன்று. 'நாளை காலை பத்து மணிக்கு மருத்துவர் வருவார். முகவரி அட்டையைக் காட்டவும்.'

எஸ்தரின் அட்டையில் புதுக்கரை என்றுதான் இருந்தது. அதைக் காட்டியதும் சிவப்பு போய், ஐம்பத்திரண்டும் பூவும் திரும்பி வந்தன.

"அப்போ எனக்கு ஒடம்பு செரியில்லையா, இல்ல நல்லாத்தான் கீறனா?"

"இங்க நல்லா இருக்கே. அங்க சரியில்ல" என்றார் நசீர். சொன்ன பிறகு, தான் சொன்னது தனக்கே விளங்காமல் விழித்தார்.

எஸ்தர் அவரைப் பார்த்தாள். மணி நான்காகியும் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் கிடந்தது. போன சனிக்கிழமை அவள் வந்தபோதும் அப்படித்தான் கிடந்தது.

"நீங்க எப்பனா கட்டிப் பாத்துக்கினீங்களாண்ணா?"

"எனக்கென்னம்மா? நான் அளக்கறவன்."

"சும்மா கட்டுங்க."

பக்கத்து மெஷினின் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டார். அவருடைய அட்டையில் இன்னும் நகரத்து முகவரிதான். தொண்ணூற்றேழு. திரையின் சிவப்பு அவர் முகத்தில் விழுந்தது. எட்டு மாதமாக வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நாளை பத்து மணிக்கு மருத்துவர் அவரைத் தேடி வருவார். ஆனால் சிவப்பு விழுந்த அளவரை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்.

"இல்ல, இல்ல. நான் இப்ப இங்க குவார்ட்டர்ஸ்லதானே இருக்கேன்? அதுதான் சரியான அட்ரஸ்." முகவரியை மாற்றினார். ஐம்பத்தெட்டு, பச்சை. அவசரமாகப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்ந்தார். "பாத்தியா, ஒண்ணுமில்ல."

எஸ்தருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னைவிட ஆறு புள்ளி அதிகம் என்று மட்டும் புரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் திறந்திருந்த அவளுடைய திரை கண்சிமிட்டியது. நூறு பேர் கொண்ட சராசரியில் நசீரின் அளவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஐம்பத்தொன்று. 'வாழ்த்துகள், எஸ்தர்! உங்கள் நலம் மேம்பட்டுள்ளது.'

அவள் பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெளியே வரிசையில் இன்னும் பதினேழு பேர் நின்றார்கள். நடுவில் ரோஸியும் இருந்தாள். கடைசியில் எப்படியோ அறையை விட்டு வெளியே வந்து இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்ட தினேஷும் இருந்தான். எஸ்தரைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கை தெரிந்தது.

அவனிடம் உள்ளே போ என்பதா, போகாதே என்பதா? அவர்கள் எல்லோரும் அளந்து முடிப்பதற்குள் தான் எவ்வளவு நலமாகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.