கன்னத்தில் ஒரு பச்சைக் கட்டம்

முதலில் அது ஒரே ஒரு கட்டம்தான். மிளகு அளவு, பச்சை நிறம். கணினித் திரையில் தெரிந்த மகளின் இடது கன்னத்தில், யாரையும் கேட்காமல் குடிவந்த வாடகைக்காரனைப் போல உட்கார்ந்திருந்தது.

"கிராபிக்ஸ் கார்டு மண்டையைப் போடப் போகுது," என்றான் அப்பா.

ஊரார் கழித்துப்போட்ட கணினிகளை வாங்கிப் பிரித்து, உறுப்பு உறுப்பாக விற்பது அவன் பிழைப்பு. திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கார்டு, சாகப்போகும்போது என்னென்ன கூத்துக் காட்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. கோடு விழும், புள்ளி பூக்கும், வண்ணம் கரைந்து ஓடும். ஆனால் எதுவும் ஆள் பார்த்து விழாது. இந்தக் கட்டமோ மகள் தலையை ஆட்டினால் கூடவே ஆடியது.

திரையில் ஓவிய வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் பாதியில் நிறுத்தினார்.

"பாப்பா, கன்னத்துல என்னமோ பச்சையா தெரியுதே. பெயிண்ட்டா?"

மகள் துடைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மிஸ்."

அவனுக்குச் சுருக்கென்றது. இங்கே கார்டு கெட்டால் இந்தத் திரையில்தானே தெரிய வேண்டும்? எங்கோ இருக்கிற டீச்சரின் திரைக்கு எப்படிப் போயிற்று? படத்தைச் சுருக்கி அனுப்புவதும் இதே கார்டுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். விற்கிறவன் சொல்லும் சமாதானம் அது. வாங்குகிற இடத்தில் இருந்திருந்தால் அவனே நம்பியிருக்க மாட்டான்.

வகுப்பு முடிந்ததும் கணினிப் பெட்டியைத் திறந்தான். தூசியும் பழைய சூடும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. கார்டைக் கழற்றி, அதன் தங்க விளிம்பை ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்திச் செருகினான். கேபிளை மாற்றினான். படுக்கையறையிலிருந்த மானிட்டரைத் தூக்கி வந்து மாட்டினான்.

"கேமரா முன்னாடி நில்லு பாப்பா."

இப்போது மூன்று கட்டங்கள்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, ஊருக்கெல்லாம் நல்ல சாமானா பாத்துக் குடுக்கறீங்க. நம்ம வீட்டுக்கு மட்டும் கழிசடைதானா?"

"வியாபாரி வீட்டுக்கு விக்காததுதான்டி வரும்."

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

பழைய கார்டு யாராவது கொண்டுவந்தால் அவன் பேச்சைக் கேட்க மாட்டான். சோதனை மென்பொருளைப் போட்டு, முழுப் பாரத்தையும் ஏற்றி, கார்டைக் கொதிக்க வைப்பான். சூடேறினால் எந்தச் சரக்கும் தன் குற்றத்தைக் கக்கிவிடும். இன்றும் அதையே செய்தான். திரையின் ஒரு பாதியில் சோதனை மென்பொருள் வரைந்த கண்ணாடி வளையம் ஒன்று சுழல ஆரம்பித்தது, மறுபாதியில் மகள் நின்றாள், பெட்டிக்குள் விசிறி முதலில் முனகி, பிறகு இரைந்து, பிறகு மூடிய அறையில் மாட்டிக்கொண்ட வண்டைப் போல இடைவிடாமல் அலற, ஜன்னலுக்கு வெளியே மாலை வெளிச்சம் மெல்ல மெல்லச் சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"அப்பா, சுடுது."

"பெட்டிகிட்ட நிக்காதம்மா."

"நான் தள்ளித்தானே நிக்கறேன்."

அவள் நெற்றியைத் தொட்டவன் கையை இழுத்துக்கொண்டான். கொதித்தது. அவள் மூச்சு விசிறியின் வேகத்தில் ஏறி இறங்கியது. சட்டென்று சோதனையை நிறுத்தினான். விசிறி தணிந்தது. அதே நிதானத்தில், அவன் உள்ளங்கைக்குக் கீழேயே, நெற்றியும் ஆறியது.

வேறு எந்தத் தகப்பனாயிருந்தாலும் அங்கேயே விட்டிருப்பான். அவன் வியாபாரி. ஒருமுறை நடந்தால் தற்செயல். மறுமுறையும் உரசிப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொண்டு பழக்கமில்லை.

மறுபடி ஓடவிட்டான்.

வளையம் சுழன்றது. விசிறி அலறியது. இந்த முறை அவன் திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தான்.

கட்டம் கன்னத்தில் இருந்தது.

திரையில் அல்ல. கன்னத்தில். தோலின் மேல், ஓரம் பிசகாத சதுரமாய். பக்கத்தில் இன்னொன்று. தாடையில் வேறொன்று, அதில் நிறமே இல்லை. அதன் வழியே பின்சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது.

"அப்பா, சரியாயிடுச்சா?"

உதடுகள் அசைந்து முடிந்த பிறகே குரல் வந்தது.

"நிப்பாட்டறேன் கண்ணு. இதோ."

சோதனையை நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. வளையம் சுழன்றது. இன்னொரு முறை. சுழன்றது. மேசைக்கடியில் பாய்ந்து, பிளக்கைப் பிடுங்கினான்.

விசிறி நின்றது.

திரை கறுத்தது.

"பாப்பா?"

அவள் நின்றுகொண்டிருந்தாள். வாய் பாதி திறந்து. இமை பாதி மூடி. ஒரு குதிகால் தரையைத் தொடாமல். நெற்றி முடி ஒன்று காற்றில் எழும்பி, விழாமல்.

பிளக்கைச் செருகினான். பொத்தானை அழுத்தினான். ஒன்றுமில்லை. மறுபடி. உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய பிளாஸ்டிக் வாடை.

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி மனைவி வந்தாள், சீப்போடு. மகளின் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"அடேங்கப்பா! இன்னைக்காவது ஆடாம அசையாம நிக்கறாளே என் தங்கம்." கூந்தலை மூன்றாய்ப் பிரித்தாள். "என்னங்க, ஏதோ தீயற வாடை?"

அவன் பொத்தானை மறுபடி அழுத்தினான்.

"தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புடி," என்று பின்னாலிருந்தே இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

தலை திரும்பியது.

முகம் திரும்பவில்லை. இருந்த இடத்திலேயே, கட்டம் கட்டமாய், அந்தரத்தில், அவனையே பார்த்தபடி நின்றது. மனைவி பின்னிக்கொண்டிருந்தாள்.