வெள்ளை மாத்திரை, இரண்டு டப்பா

போன் அடித்தது.

கல்லீரல் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த டாக்டர் எடுத்தாள்.

"டாக்டர்... அக்கா ரத்த ரத்தமா வாந்தி எடுக்கறா... கண்ணைத் திறக்க மாட்டேங்கறா..."

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. அக்கா தரையில் கிடந்தாள்.

உயிர் இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று, டாக்டரின் அறையில் இன்ஸ்பெக்டர். எதிரே தங்கை. சுவரோரம் அக்காவின் கணவர், அழுது வீங்கிய முகத்தோடு.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர். நான் பயாலஜிக்கு பயந்து ஓடினவன்."

"அக்கா, தங்கச்சி ரெண்டு பேருக்கும் பிறவியிலேயே கல்லீரல் ரத்தக்குழாய் கோணல். ரத்தம் போக வழியில்லாம உணவுக்குழாய்ல இருக்கற ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கும். வெடிச்சா..." டாக்டர் நிறுத்தினாள். "வெடிக்காம இருக்க ஒரு புது மாத்திரையைச் சோதிக்கறோம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. சாவு நடந்ததால இப்பதான் சீல் வச்ச பட்டியலைப் பிரிச்சுப் பார்த்தோம்."

"அக்காவுக்கு?"

"நிஜம்."

"தங்கச்சிக்கு?"

"மாவு."

"ஆனா செத்தவங்க ரத்தத்துல மருந்தே இல்ல. இந்தம்மா ரத்தத்துல இருக்கு." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "மாத்தி வச்சது யாரும்மா?"

"சத்தியமா தெரியாது சார்."

"கூடப்பிறந்தவளாச்சேம்மா..." கணவரின் குரல் உடைந்தது. "எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

"மாமா, அந்த டப்பா மூடியை அழுத்தித் திருகணும். என் விரல் வலிக்கு அது திறக்கவே வராது. அக்காதான் தினமும் எடுத்துத் தருவா. கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பா. என்னக்கா புதுசா பாசம்னு கிண்டல் பண்ணுவேன்..."

டாக்டர் நிமிர்ந்தாள்.

"எங்க பிடிப்பாங்க?"

தங்கை மணிக்கட்டைக் காட்டினாள்.

"அதுக்குத்தானா..." கணவர் தன் வெறும் கையைப் பார்த்தார். "தினமும் காலையில என் வாட்சை வாங்கிட்டுப் போவா. ஏன்னு கேட்டா, ஆபீஸ்ல நீங்க மணி பார்க்காம வேலை பாருங்கன்னு சிரிப்பா..."

மூவரும் டாக்டரையே பார்த்தார்கள்.

"அந்த மருந்து நாடியை மெதுவாக்கும். அப்படி ஆனா உடனே சொல்லுங்கன்னு சேரும்போதே எல்லார்கிட்டயும் சொல்லிடுவோம். தன் நாடியையும் தங்கச்சி நாடியையும் அவங்க எண்ணிப் பார்த்திருக்காங்க. நிஜ மருந்து தனக்குத்தான்னு தெரிஞ்சதும், டப்பாக்குள்ள இருந்ததை மாத்திட்டாங்க."

"உங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிடுவோம்னு பயந்திருப்பாங்க." டாக்டர் தலை குனிந்தாள். "மருந்து பலிக்குதுன்னு மேற்பார்வைக் குழு சொல்லிடுச்சு. அடுத்த வாரத்துலேருந்து எல்லாருக்குமே நிஜ மாத்திரைதான்..."

இன்னும் சில நாள் அவள் தாக்குப்பிடித்திருந்தால்...

கணவர் மச்சினியின் தலையில் கை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "மாத்தி வச்சவங்க என் கைக்கு எட்டாத தூரம் போயிட்டாங்க. நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல என் மிட்டாயை எல்லாம் பிடுங்கித் தின்னவ சார் அவ. திருப்பிக் கேட்டா, 'சாகறப்ப தரேன் போடி'ன்னு சொல்லுவா... சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டா."